நாலு ஸ்லைட்ஷோவும் ஒண்டா மாறின பேஜ்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிளிநொச்சி மாவட்டத்தில ஏ9 ரோட்டை விட்டு உள்ளுக்குப் போற ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். அதின்ர பழைய மாணவர் சங்கத்தில ஊரில இருக்கிற ஆக்கள் கொஞ்சம், மிச்சம் கனடா, லண்டன், சுவிஸ் எண்டு பரவிக் கிடக்கினம். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒரு வெப் பேஜ் செய்து, அதில நாலு பெட்டியில படங்கள் தானா மாறி மாறி வரவேணும் எண்டு கேட்டவை. ஒரு பெட்டியில பழைய கட்டடங்களும் பழைய ஆசிரியர்களும், அடுத்ததில இல்ல விளையாட்டுப் போட்டி, மூண்டாவதில வாணி விழா, நாலாவதில வகுப்புக் குறூப் போட்டோக்கள்.

படங்கள் எங்க இருந்து வந்தது எண்டதை முதல் சொல்லவேணும், பிறகு எடுத்த முடிவுகள் கனக்க அதில இருந்துதான் வந்தது. 2008, 2009 இடப்பெயர்வில வன்னிச் சனம் இடம் இடமா மாறி மாறிப் போகேக்க அல்பங்களைக் கொண்டு திரிய ஏலாமல் போச்சுது, கனபேர் வீட்டில ஒரு படமும் மிஞ்சேல்ல. தப்பினது முதலே வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்பி வச்ச பிரதிகள்தான். அவை அதுகளை ஸ்கான் பண்ணி, இல்லாட்டி போனால படம் எடுத்து, வட்ஸ்அப்பில சங்கத்துக்கு அனுப்பினவை. அதால இந்தப் பேஜில இருக்கிறது அலங்காரப் படங்கள் இல்லை, ஒவ்வொரு படத்திலயும் ஆரோ ஒராள் ஆரையோ தேடப் போகினம்.

வேலையைச் செய்தது நான் படிப்பிக்கிற கொம்பியூட்டர் நிலையத்தில படிச்ச ஒரு பிள்ளை, ஏஎல் (உயர்தரம்) முடிச்சிட்டு இருந்தவ. சங்கச் செயலாளர் ஓய்வு பெற்ற ஒரு அதிபர். நான் பிள்ளைக்குப் பக்கத்தில இருந்து பார்த்துச் சொல்லுற ஆள்.

முதல் சிக்கல்: 12 படத்தில 3 தான் வந்தது

பிள்ளை முதல் ஒரு பெட்டிக்கு மட்டும் ஸ்லைட்ஷோ எழுதினவ, அது நல்லா ஓடிச்சுது. செற்இன்ரவல் எண்டு ஜாவாஸ்கிரிப்டில இருக்கிற ரைமர், 5000 மில்லிசெக்கன் குடுத்தால் 5 செக்கனுக்கு ஒருக்கா சொன்ன வேலையைத் திருப்பித் திருப்பிச் செய்யும். பிறகு நாலு பெட்டிக்கும் சேர்த்து ஒரு லூப்புக்குள்ள, அதாவது ஒரே கட்டளையைப் பெட்டி பெட்டியாத் திருப்பிச் செய்யுற சுத்துக்குள்ள, அதைப் போட்டிட்டு சங்கத்துக்கு லிங்கை அனுப்பினவ.

கனடாவில இருந்து ஒரு அண்ணை அண்டைக்கே வொய்ஸ் போட்டார். "தம்பி, குறூப் போட்டோ பெட்டி மட்டும்தான் ஓடுது, அதிலயும் எங்கட வகுப்புப் படத்தைக் காணேல்ல, அனுப்பினது கிடைக்கேல்லையோ?" படம் கிடைச்சது, சேர்வரிலயும் கிடந்தது. நாங்கள் உக்காந்து பார்த்தால் முதல் மூண்டு பெட்டியும் அசையேல்ல, நாலாவது பெட்டியில இருந்த 12 படத்தில 1, 5, 9 ஆம் படங்கள் மட்டும் சுத்திச் சுத்தி வந்துகொண்டிருந்தது.

காரணம் இதுதான். லூப்புக்குள்ள பெட்டியைப் பிடிச்சு வச்ச மாறியை (வேரியபிள், ஒரு மதிப்பைப் போட்டு வைக்கிற பேர்) வார் எண்ட சொல்லால அறிவிச்சது. வார் லூப்பின்ர ஒவ்வொரு சுத்துக்கும் புதுசா உருவாகாது, அந்த ஃபங்ஷன் (ஒரு வேலைக்கான கட்டளைத் தொகுப்பு) முழுக்க ஒரே ஒண்டுதான். ரைமர் நாலும் உடன ஓடுறதில்லை, 5 செக்கன் கழிச்சு ஓடி வந்து "என்ர பெட்டி எது" எண்டு கேக்கேக்க லூப் முடிஞ்சு போய் அந்த மாறிக்குள்ள கடைசிப் பெட்டிதான் இருக்கும். அதால நாலு ரைமரும் சேர்ந்து ஒரே பெட்டியை ஒரே நேரத்தில நாலு படம் தள்ளி விட்டிட்டுது, நடுவில கிடந்த மூண்டு படமும் கண்ணுக்குத் தெரியாமல் போச்சுது. 2015 இல ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்த லெட் ஒவ்வொரு சுத்துக்கும் தனி மாறி தரும். வாரை லெட் ஆக்கினாப் போதும், ஆனால் நாங்கள் ஒருபடி மேல போய் ஒவ்வொரு பெட்டிக்கும் அதின்ர படப் பட்டியல், இப்ப எந்த இலக்கம் எண்டது எல்லாத்தையும் ஒரு பொருளுக்குள்ள (ஒப்ஜெக்ட்) சேர்த்துக் கட்டி வச்சனாங்கள், ஏனெண்டால் பொதுவில கிடக்கிற மாறி ஒண்டை நாலு பேர் பாவிச்சால் இதே கூத்து வேற இடத்தில திரும்ப வரும்.

இரண்டாவது: எல்லாம் ஒண்டா மாறுது

இப்ப நாலும் ஓடுது, 5 செக்கனுக்கு ஒருக்கா நாலும் ஒரே நேரத்தில. அதிபர் ஐயா பார்த்திட்டுச் சொன்னது: "பிள்ளை, உது ஒரு முகத்தைப் பார்க்க விடுது இல்லையே, பார்த்துக்கொண்டிருக்கேக்க மற்ற மூண்டும் சேர்ந்து அடிக்குது, கண் அங்கால போகுது." கனடா அண்ணை வேற மாதிரிச் சொன்னார், ஒவ்வொண்டும் ரண்டமா (எழுந்தமானமா) மாறினால் வடிவா இருக்கும் எண்டு. ரெண்டு பேரும் ஒரே விசயத்தைச் சொல்லீனம் எண்டுதான் அந்த நேரம் எல்லாரும் எடுத்தவை. அது ரெண்டு வேற விசயம் எண்டு விளங்க இன்னும் கொஞ்ச நாள் போச்சுது.

பிள்ளை முதல் செய்தது பெட்டிக்கு ஒவ்வொரு நேரம்: 4, 5, 6, 8 செக்கன். பேஜ் திறந்த முதல் அரை நிமிசம் பார்த்தால் நல்லாத்தான் இருக்கு. ஆனால் 8 ஐ 4 மீதியில்லாமல் பிரிக்கும், அதால எட்டுச் செக்கன் பெட்டி மாறுற ஒவ்வொரு முறையும் நாலுச் செக்கன் பெட்டியும் கூடவே மாறும், ஒரு தரமும் தப்பாது. 5 உம் 6 உம் 30 செக்கனுக்கு ஒருக்கா சந்திக்கும். நாலும் சேர்ந்து 120 செக்கனில ஒருக்கா ஒண்டா அடிக்கும். ஓஎல் (சாதாரண தரம்) கணிதத்தில படிச்ச பொது மடங்குகளில சிறியதுதான் இது, வேற ஒண்டும் இல்லை. பொதுக் காரணி இல்லாத எண்கள் போட்டால் சந்திக்கிறது குறையும், 4 க்கும் 8 க்கும் பதிலா 7, 11 எண்டு போகலாம், ஆனால் நேரம் நீண்டு கொண்டு போகும், அதோட பார்க்கிற ஆக்களுக்கு ஒரு தாளம் பிடிபட்டிடும். அதை விட்டிட்டம்.

மூண்டாவது: ரண்டம் எண்டு போட்டும் ரண்டமா வரேல்ல

கனபேர் இந்த இடத்திலதான் நிக்கிறவை, ஆனபடியால் இதைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்லுறன்.

மத்.ரண்டம் 0 க்கும் 1 க்கும் இடையில ஒரு எண் தரும், 0 வரலாம், 1 வராது. பிள்ளை அதை 10000 ஆல பெருக்கி செற்இன்ரவலுக்கு நேரமாக் குடுத்தவ. ஓட்டிப் பார்த்தால் ஒரு பெட்டி கண் வெட்டிற வேகத்தில அடிக்குது, பக்கத்துப் பெட்டி ஒன்பது செக்கன் அப்பிடியே நிக்குது. பேஜை ரீலோட் பண்ணினால் வேற பெட்டி வேகமா ஓடுது. ஆனால் ஒருக்காத் திறந்தால் அந்தந்தப் பெட்டியின்ர வேகம் மாறாது. "சேர், ஒவ்வொரு முறையும் ரண்டம் போடச் சொல்லித்தானே எழுதியிருக்கிறன்?" எண்டு கேட்டவ.

ஒவ்வொரு முறையும் போடச் சொல்லி அதில எழுதேல்ல எண்டதுதான் பதில். செற்இன்ரவலைக் கூப்பிடுற அந்த ஒரு கணத்தில அடைப்புக்குள்ள இருக்கிற பெருக்கல் ஒருக்கா நடந்து, உதாரணத்துக்கு 3712 எண்டு ஒரு எண் ஆகி, அந்த எண்தான் உள்ளுக்குப் போகுது. செற்இன்ரவலுக்கு அது எங்க இருந்து வந்தது எண்டு தெரியாது. பிறகு பேஜ் மூடும் வரைக்கும் 3712 தான்.

இதில ஒரு ஆபத்தும் கிடந்தது. அடி எல்லை இல்லாமல் 0 இல இருந்து 10000 வரை விட்டால் சில நேரம் 100 மில்லிசெக்கன் வரும், அது செக்கனுக்கு 10 தரம் மாறுறது. வெளிச்சமான படமும் இருண்ட படமும் மாறி மாறி வந்தால் அது செக்கனுக்கு 5 தரம் மின்னுறதுதான், வலிப்பு வாற ஆக்களுக்கு அது கூடாது. வெப் பேஜ்களை எல்லாரும் பாவிக்கக் கூடிய மாதிரிச் செய்யுறதுக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டி, செக்கனுக்கு 3 தரத்துக்கு மேல மின்ன விடாதேங்கோ எண்டுதான் சொல்லுது. ஆகவே கீழ் எல்லை இல்லாமல் ரண்டம் நேரம் ஒரு இடத்திலயும் போடுறதில்லை எண்டு முடிவெடுத்தனாங்கள்.

மாத்தி எழுதினது செற்ரைம்அவுட்டில. அது ஒருக்கா மட்டும் ஓடுற ரைமர். படத்தை மாத்துற ஃபங்ஷன் தன்ர வேலையை முடிச்சிட்டு, புதுசா ஒரு ரண்டம் நேரம் எடுத்து, தன்னைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி ஒரு செற்ரைம்அவுட் போடும், அப்பிடியே சங்கிலியாப் போகும். நேரம் எடுக்கிறது 4000 ஓட மத்.ரண்டம் பெருக்கல் 5000 ஐக் கூட்டி, அதாவது 4 இல இருந்து 9 செக்கனுக்குள்ள ஏதோ ஒண்டு. இது நாங்கள் நினைச்சபடியே ஓடிச்சுது, கனடா அண்ணைக்கும் சந்தோசம்.

அதிபர் ஐயாவின்ர முறைப்பாடு தீரேல்ல

அவர் திரும்பவும் அதையேதான் சொன்னார், இப்பவும் ரெண்டு மூண்டு பெட்டி சேர்ந்து அடிக்குது எண்டு. பிள்ளைக்குக் கொஞ்சம் மனம் சோர்ந்து போச்சுது, ஐயா சும்மா பிழை பிடிக்கிறார் எண்டு நினைச்சவ. எனக்கு அவர் சொல்லுறது சரி எண்டுதான் பட்டது, அதால பேப்பரில போட்டுப் பார்த்தம்.

4 இல இருந்து 9 எண்டால் ஒரு பெட்டி சராசரியா 6.5 செக்கனுக்கு ஒருக்கா மாறும். ஒரு பெட்டி மாறுற கணத்துக்கு முன்னால அரைச் செக்கன், பின்னால அரைச் செக்கன், ஆக 1 செக்கன் எடுத்தால், இன்னொரு பெட்டி அந்த 1 செக்கனுக்குள்ள மாறுற வாய்ப்பு 6.5 இல 1, ஏறக்குறைய 15 வீதம். மாறாமல் இருக்க 85 வீதம். மற்ற மூண்டு பெட்டியும் மாறாமல் இருக்கவேணும் எண்டால் 0.85 ஐ மூண்டு தரம் பெருக்கவேணும், 0.61 வரும். அப்ப 100 தரம் படம் மாறினால் 39 தரம் அளவில பக்கத்தில இன்னொரு பெட்டியும் அரைச் செக்கனுக்குள்ள மாறியிருக்கும். ஆறு பெட்டி இருந்தால் பாதிக்கு மேல. ஐயாவின்ர கண் பிழையில்லை.

ஒவ்வொரு பெட்டியும் மற்றதைப் பாராமல் தன்ர பாட்டுக்கு ரண்டமா மாறினால் அப்பப்ப சேர்ந்து வாறதுதான் ரண்டத்தின்ர இயல்பு. சேராமல் இருக்கவேணும் எண்டால் ஒண்டுக்கு மற்றது எப்ப மாறினது எண்டு தெரியவேணும். கனடா அண்ணை கேட்டது ரண்டம், ஐயா கேட்டது சேராமல் இருக்கிறது, முதலாவதைச் செய்தால் ரெண்டாவது தானா வராது.

இதைப் பிள்ளை ஐயாவுக்குச் சொல்லேக்க அவர் உடன சொன்னார், "அப்ப குளத்துத் தண்ணி மாதிரி முறை வையுங்கோவன், ஒவ்வொரு வாய்க்காலையும் அவையவை நினைச்ச நேரம் திறக்க விட்டால் சரிவருமே, திறக்க ஒராள் இருக்கவேணும்" எண்டு. இரணைமடுக் குளத்துத் தண்ணியில வயல் செய்த ஆள், அவருக்கு அது உடன வந்திட்டுது.

கடைசியா எடுத்த முடிவு: ஒரே ஒரு ரைமர்

நாலு ரைமரையும் எடுத்துப்போட்டு ஒண்டு வச்சம். அது 2 இல இருந்து 3 செக்கனுக்குள்ள ஒரு ரண்டம் நேரம் காத்திருந்து, ஒரு பெட்டியைத் தெரிஞ்சு, அதை மட்டும் மாத்தும், பிறகு திரும்பக் காத்திருக்கும். எந்த ரெண்டு மாற்றத்துக்கும் இடையில குறைஞ்சது 2 செக்கன் இருக்கும், இது வாய்ப்பு இல்லை, உறுதி.

பெட்டியை எப்பிடித் தெரியிறது எண்டதிலயும் கொஞ்சம் யோசிச்சம். ஒவ்வொரு தரமும் நாலில ஒண்டை ரண்டமா எடுத்தால் ஒரு பெட்டி கன நேரம் வராமல் கிடக்கும், இன்னொண்டு அடுத்தடுத்து வரும். அதால நாலு இலக்கத்தையும் கலைச்சு அடுக்கி, அந்த ஒழுங்கில ஒரு சுத்து முடிச்சு, பிறகு திரும்பக் கலைக்கிறது. போன சுத்தில கடைசியா வந்தது புதுச் சுத்தில முதலாவதா வந்தால் அதை அடுத்ததோட இடம் மாத்திறது. இப்பிடிச் செய்தால் ஒரு படம் குறைஞ்சது 4 செக்கன் நிக்கும், கூடினது 21 செக்கன், சராசரி 10. கலைக்கிறதுக்கு பிஷர் யேட்ஸ் முறையைப் பாவிச்சம், கடைசியில இருந்து முன்னுக்கு வந்து ஒவ்வொண்டையும் தனக்கும் தனக்கு முன்னால இருக்கிறதுகளுக்கும் இடையில ரண்டமா ஒண்டோட மாத்திறது. சோர்ட் எண்ட வரிசைப்படுத்துற வசதிக்குள்ள மத்.ரண்டம் போட்டுக் கலைக்கிற குறுக்கு வழி ஒண்டு பரவிக் கிடக்கு, அது எல்லா ஒழுங்குக்கும் ஒரே வாய்ப்புத் தராது.

ஒரு ரைமர் எண்டதால வேற நன்மையும் வந்தது. நிப்பாட்டுற பட்டன் வைக்கிறது சுகமாப் போச்சுது. தானாத் தொடங்கி 5 செக்கனுக்கு மேல அசைஞ்சுகொண்டு, பக்கத்தில வேற விசயமும் இருந்தால் நிப்பாட்ட வழி இருக்கவேணும் எண்டு அதே வழிகாட்டி சொல்லுது. எங்களுக்கு வழிகாட்டிக்கு முதலே அது வேணும், ஒரு முகத்தைப் பார்த்து "இது ஆர்" எண்டு யோசிக்கிற ஆளுக்கு 4 செக்கன் காணாது. பரீட்சிக்கேக்க ஒரு பிழை தெரிஞ்சுது, ஓட்டுற பட்டனை மூண்டு நாலு தரம் தட்டினால் அத்தனை சங்கிலி தொடங்கி வேகம் கூடிக்கொண்டு போகும். புது ரைமர் போடமுதல் பழையதை கிளியர்ரைம்அவுட்டால அழிக்கிறது எண்டு வச்ச பிறகு அது இல்லை. போன் செற்றிங்கில அசைவைக் குறை எண்டு வச்சிருக்கிற ஆக்களுக்குத் தானாத் தொடங்காமல் விட்டனாங்கள்.

பேஜ் மறைஞ்சு கிடக்கேக்கயும் ரைமரை நிப்பாட்டுறம், திரும்ப வரேக்க தொடங்குறம். பிரவுசரும் தன்ர பாட்டுக்கு மெதுவாக்கும்தான், 2021 இல வந்த குரோம் 88 இல இருந்து 5 நிமிசத்துக்கு மேல மறைஞ்சிருந்தால் சங்கிலியா வாற ரைமர்களை நிமிசத்துக்கு ஒருக்காத்தான் விடும். ஆனாலும் ஒருத்தரும் பாராத படத்துக்கு டேட்டா ஏன் போகவேணும்.

டேட்டாவும் படத்தின்ர அளவும்

இதைச் சொல்லாமல் விட்டால் மிச்சம் எல்லாம் வீண். நாலு பெட்டியிலயும் சேர்த்து 40 படங்கள், ஸ்கான் பண்ணினது ஒவ்வொண்டும் 3 எம்பி எண்டால் 120 எம்பி. உள்ளூரில சிக்னல் ஒரு கோடு ரெண்டு கோடு நிக்கிற இடத்தில, நாள் டேட்டா போட்டுப் பார்க்கிற அம்மாமாருக்கு அது நடவாத காரியம். படம் வந்து சேராமல் ரைமர் மாத்தினால் வெள்ளைப் பெட்டிதான் தெரியும், முதல் பரீட்சையில அதுதான் தெரிஞ்சுது.

படங்களைப் போன் திரைக்குக் காணுமான அளவுக்குச் சின்னதாக்கினம், பெரிய பிரதியைத் தனியா வச்சம். பேஜ் திறக்கேக்க பெட்டிக்கு ஒரு படம் மட்டும் வரும். அந்தப் பெட்டியின்ர அடுத்த படத்தை முன்கூட்டியே இறக்கி, டிகோட் எண்ட வசதியால விரிஞ்சு தயாராயிட்டுதா எண்டு பார்த்து, தயார் எண்டால்தான் மாத்தும். தயாரில்லாட்டி அந்த முறையை விட்டிட்டு அடுத்த பெட்டிக்குப் போகும். ஒரே ரைமர் இருந்தபடியால் இதுவும் ரெண்டு வரியில முடிஞ்சுது.

பெட்டியின்ர நீள அகலத்தை முதலே குறிச்சு வச்சம், இல்லாட்டி நெடும் படத்துக்குப் பிறகு அகலப் படம் வரேக்க கீழ இருக்கிற எழுத்தெல்லாம் ஏறி இறங்கும். பெட்டியை நிரப்புற மாதிரி படத்தை வெட்டுற முறையைப் பிள்ளை முதல் போட்டிருந்தவ, பார்க்க வடிவு, ஆனால் வகுப்புப் படத்தில ரெண்டு ஓரத்திலயும் நிண்ட பிள்ளையள் வெட்டுப்பட்டுப் போச்சினம். அதை உடன மாத்தச் சொன்னன். ஓரத்தில வெறும் இடம் கிடந்தாலும் காரியமில்லை, ஒருத்தரும் வெட்டுப்படக்கூடாது.

பிறகு நடந்தது

விழா அண்டு மண்டபத்தில புறொஜெக்டரில போட்டுக் காட்டினவை, அதே நேரம் வெளிநாட்டில இருந்தும் பார்த்தவை. சேர்ந்து அடிக்குது எண்ட முறைப்பாடு வரேல்ல. கனடா அண்ணை தன்ர வகுப்புப் படத்தில நிக்கிற ஆக்கள் கனபேரின்ர பேரை எழுதி அனுப்பினார், அதைப் பார்த்து மற்ற ஆக்களும் அனுப்பத் தொடங்கினவை. புறொஜெக்டர் பக்கத்தில நிண்ட பெடியனுக்கு வேலை நிப்பாட்டுற பட்டனைத் தட்டுறதுதான், "நிப்பாட்டு, நிப்பாட்டு" எண்டு சனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

அதிலயே ஒரு குறையும் தெரிஞ்சுது. நிப்பாட்டுறதுக்குள்ள படம் போயிட்டுது எண்டால் பின்னுக்குப் போக வழி இல்லை, அது திரும்ப வரும் வரைக்கும் பெட்டியில இருக்கிற மற்ற எல்லாப் படத்தையும் பார்த்து முடிக்கவேணும். சராசரி 10 செக்கன், 12 படம் எண்டால் 2 நிமிசம். வயசுபோன ஒரு அம்மா அப்பிடி ஒரு படத்துக்காகக் காத்துக்கொண்டு நிண்டவ.

மாத்தப் போறது

பெட்டிக்கு ஒவ்வொண்டா முன்னுக்கும் பின்னுக்கும் போற பட்டன் போடுறம், அதைத் தட்டினால் அந்தப் பெட்டி மட்டும் ஒரு நிமிசம் முறைக்கு வராமல் நிக்கும். படப் பட்டியலில ஒவ்வொரு படத்தோடயும் ஆக்களின்ர பேர், ஆண்டு, ஆர் அனுப்பினது எண்டதும் சேரும், முதலே அப்பிடி அமைச்சிருந்தால் வட்ஸ்அப்பில வந்த பேர்களைத் தேடித் தேடி ஏத்திற வேலை வந்திருக்காது. இனி இப்பிடி ஒரு வேலை வந்தால் ரண்டம் எண்டு கேக்கிற ஆளிட்ட, நேரம் தெரியாமல் மாறவேணுமோ, இல்லாட்டி ஒண்டோட ஒண்டு சேராமல் மாறவேணுமோ எண்டு எழுத முதலே கேக்கிறது.

எல்லாப் படமும் அசையாமல் வரிசையா இருக்கிற தனிப் பேஜ் ஒண்டு இப்ப பிள்ளை செய்துகொண்டிருக்கிறா, ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலும் திறக்கும். அதின்ர லிங்க் நாலு பெட்டிக்கும் மேல வரும்.